நீலக் குடை ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது

எங்கள் பள்ளியில் யாரும் நீலக் குடை கொண்டுவர மாட்டோம். கேட்டால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அறுநூறு பிள்ளைகளும் முப்பத்தொரு ஆசிரியர்களும் இருக்கிற இடத்தில் நாலு வருஷமாக அந்த நிறத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. கணக்கு டீச்சர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத தன் குடையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்துவிட்டு, அதற்காக ஒரு மாதம் என்னிடம் முணுமுணுத்தார். என்னிடம் ஏன் என்றால், "அந்தக் கூட்டத்துல வாயைத் தொறக்காம உக்காந்திருந்தது நீங்கதானே சார்" என்றார். உண்மைதான். நான் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறப்பதில்லை. நான் நூலகர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் உஷ் சார்.

குடைக்குத் தடை வரக் காரணம் மைக் அக்கா. பதிவேட்டில் அவர் அலுவலக உதவியாளர். மணி அடிப்பது, தொலைபேசி எடுப்பது, மைக்கில் அறிவிப்பு செய்வது என்று இருபத்தாறு வருஷம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். எங்கேயும் தாழாமல், இழுக்காமல், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல் பேசுகிற குரல். ஒருமுறை கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டிருக்கிறார். பின்னால் நின்ற இரண்டு பையன்கள் சட்டென்று சட்டையை உள்ளே செருகிக்கொண்டு நேராக நின்றுவிட்டார்களாம். "மூஞ்சியப் பாத்து இல்ல சார், குரலைக் கேட்டுத்தான் நின்னாங்க. மூஞ்சி யாருக்குத் தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர் உட்கார்ந்திருந்தது அலுவலகத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. கண்ணாடி வைத்த கதவு, மேசை, மைக், சிவப்பு ஸ்விட்ச், தொலைபேசி. இரண்டு நாற்காலி, ஒன்றில் அவர், மற்றதில் கோப்புகள். தொலைபேசியை விட்டு நகரக் கூடாது என்பதால் மதியச் சாப்பாடும் அங்கேயேதான். எதிரே, நடைபாதையின் இந்தப் பக்கம் என் நூலகம். நானும் தனியாகத்தான் சாப்பிடுவேன். இருபத்திரண்டு வருஷம் ஆறு எட்டு வைக்கிற தூரத்தில் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து டப்பாவை மூடினோம். ஒரு நாள்கூட அந்தக் கோப்புகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பயன்?

அக்காவுக்கு வீடு என்றால் ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு தூரத்து ஊரில். தம்பி மகளை ஐந்து வயது வரை தூக்கி வளர்த்தது இவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுக்குப் போன் போடுவார். "அத்தை, அப்புறம் கூப்பிடட்டுமா?" என்பாள். திங்கட்கிழமை என் நூலகத்துக்குச் செய்தித்தாள் கொண்டுவரும்போது அக்கா கேட்பார்: "இந்த அப்புறம்ங்கறது எந்தக் கிழமையில சார் வரும்?" நான் உம் கொட்டுவேன். அதற்கு மேல் என்னிடம் என்ன கிடைக்கும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கோ ஒரு பள்ளியில் ஒருவன் கத்தியோடு புகுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. உடனே எல்லாப் பள்ளிக்கும் பயிற்சி. எங்களுக்கு வந்த போலீஸ் அதிகாரி சொன்னார்: ஆபத்து என்று மைக்கில் கத்தக் கூடாது. கத்தினால் பிள்ளைகள் ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், வந்தவனுக்கும் வெறி ஏறும். சாதாரணமாக ஒரு வாக்கியம் வேண்டும். அதைக் கேட்டதும் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது.

வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் அடிதடி. தமிழாசிரியர் சொன்னது மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியாத நீளம். அறிவியல் ஆசிரியர் சொன்னதில் ஒரு அமிலத்தின் பெயர் இருந்தது. அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டீ கிளாஸ் எடுக்க வந்த அக்கா வாசலில் நின்றபடி, "நீலக் குடை ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்னு சொன்னாப் போதாதா?" என்றார். "இதுதான்!" என்று அதிகாரி கையைத் தட்டினார். எல்லாம் அடங்கிய பிறகு, "குடை உரியவரிடம் சேர்ந்துவிட்டது" என்று சொன்னால் கதவைத் திறக்கலாம். வெளியே வந்ததும் நான் அக்காவை வம்புக்கு இழுத்தேன். "நெஜமாவே யாராவது நீலக் குடையைத் தொலைச்சா என்னக்கா பண்ணுவீங்க?" அவர் யோசித்தார். மறுநாளே தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் சொல்லி நீலக் குடைக்குத் தடை வாங்கிவிட்டார்.

ஆனால் 'வந்து வாங்கிக்கொள்ளவும்' என்ற சொல்லில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. கதவைச் சாத்து என்பதற்கு, வா என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தோம். அதிகாரிக்கும் தெரியவில்லை, இத்தனை வருஷம் புத்தகத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற எனக்கும் தெரியவில்லை. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே அக்கா இந்த வாக்கியமும் விதிகளும் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். பிள்ளைகளுக்குப் பயிற்சி வருஷத்துக்கு மூன்று முறை. எங்கேயும் ஓட்டை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் புது டீச்சர் வந்தாள். பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாக ஐந்து மாதத் தற்காலிக வேலை. இருபத்தாறு வயது இருக்கும். முதல் நாள் மதியம் பேருக்கு விசாரித்துவிட்டு ஆசிரியர் அறையில் ஆளாளுக்குத் தங்கள் வட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இடம் கிடைக்காமல் டப்பாவோடு நடைபாதையில் நின்றவள் மைக் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "இங்க உக்காரலாமாக்கா?" அக்கா எழுந்து கோப்புகளை அப்படியே அள்ளித் தரையில் வைத்தார். சில கீழே சரிந்தன. அவர் குனிந்து அடுக்கக்கூட இல்லை.

அன்று அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அக்கா பேசினார். மைக் இல்லாமல், கையை ஆட்டி ஆட்டி, முப்பது நிமிஷமும். தம்பி மகளைப் பற்றியா, வெங்காயக் கடைப் பையன்களைப் பற்றியா, எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணி அடிக்க அக்கா ஒரு நிமிஷம் தாமதம். இருபத்தாறு வருஷத்தில் முதல் தாமதம். கைக்கடிகாரத்தைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேன். கிழட்டுக் குணம், வேறென்ன?

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அந்த மூன்றாம் நாள் காலையில் மழை. பள்ளி வாசலில் அவள் விரித்துக்கொண்டு வந்தது பளபளவென்று ஒரு நீலக் குடை. வாட்ச்மேன் பார்த்தார். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் பார்த்து, 'அக்கா சொல்லிக்குவாங்க' என்று உள்ளே போய்விட்டேன். ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். சாயங்காலம் வெயில் அடித்ததால் அவள் குடையை மறந்துவிட்டுப் போனாள். அது மைக் அறைக் கதவின் பின்னால், ஆணியில் தொங்கியது.

நாலாம் நாள், பதினொன்று இருபது. மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு பையனின் அப்பா, கட்டட வேலைக்காகத் திறந்துவைத்திருந்த பின்கேட் வழியாக உள்ளே வந்தார். கணவன் மனைவி பிரிந்துவிட்டார்கள். பிள்ளையை அம்மாவிடம் மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. ஏற்கெனவே இரண்டு தடவை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனவர். அன்று கையில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. அலுவலகக் கவுண்டர் கண்ணாடி நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எம் புள்ளையக் கூப்புடு!" என்ற சத்தமும் கேட்டது.

அதற்குள் மைக் பேசியது. "நீலக் குடை ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்." கொஞ்சமும் நடுங்காத அதே குரல். மாடியிலிருந்து கீழ்வரை தாழ்ப்பாள்கள் படபடவென்று விழுந்தன. என் நூலகத்தில் இருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் மேசைக்கு அடியில். நான் தாழிட்டு, விளக்கை அணைத்து, கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றேன்.

மாடிப்படியில் புது டீச்சர் இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு. குடை கிடைத்துவிட்ட சிரிப்பு, அதுவும் அக்காவே மைக்கில் கூப்பிட்டுவிட்டார் என்ற சிரிப்பு. வகுப்புத் தலைவி, "போகக் கூடாது டீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுத்தாளாம். "என் குடைதான்டி, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தலைவி கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

என் கதவைத் தாண்டித்தான் போனாள். நான் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் திரும்பியிருப்பாள். சத்தம் போடக் கூடாது என்பது விதி. உஷ் சார் சத்தம் போடவில்லை. எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தேற்றித்தான் பார்க்கிறேன், சனியன் அடங்கவே மாட்டேன் என்கிறது.

"அக்கா, அது என் குடைதான்" என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு ஒரு அடி. பிறகு அவள் அலறல். மைக் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டிய அக்கா வெளியே பாய்ந்தார். அந்தப் பெண்ணை இடுப்போடு பிடித்து இழுத்து உள்ளே போட்டு, கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றார். குழாய் இரண்டு முறை கதவில் விழுந்தது. விளையாட்டு மாஸ்டரும் வாட்ச்மேனும் ஒரு நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அந்த ஆளைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோன பிறகு மைக் மறுபடி பேசியது. "குடை உரியவரிடம் சேர்ந்துவிட்டது." அதைச் சொன்னபோது அந்தப் பெண் அவர் காலடியில், உடைந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். தலைக்கு மேலே ஆணியில் குடை. நாலு வருஷம் பொய்யாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அன்று மட்டும் நிஜமாக இருந்திருக்கிறது, அடக் கடவுளே!

ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அக்காவுக்குப் பாராட்டு. பெரிய டீச்சர் கட்டிப்பிடித்து அழுதார். பெற்றோர்கள் மைக் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இவங்கதானா?" என்று பேசிக்கொண்டார்கள். மூஞ்சி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. நிர்வாகக் குழுவில் மூன்று பேர், பெரிய டீச்சர், ஊழியர் பிரதிநிதியாக நான். பேச மாட்டேன் என்பதற்காகவே என்னைப் போட்டிருந்தார்கள். பதிவேட்டில் புது டீச்சரின் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. குழுத் தலைவர் அக்காவைப் பார்த்து இதமாகத்தான் பேசினார். "தாள் குடுக்கலன்னாலும் வாயால சொல்லியிருப்பீங்க, இல்லையா? வாய்மொழியாகத் தெரிவித்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நாளைக்குள்ள. விதி தெரிஞ்சும் வகுப்பைத் தனியா விட்டுட்டுப் போனது அந்த டீச்சர் தப்புன்னு முடிச்சிடலாம். தற்காலிகம்தானே, அனுப்பிட்டா விஷயம் அடங்கிடும்."

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் என்று எழுதி அனுப்பினால் அவளை வேறு எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அக்காவுக்கு அது புரிந்தது. எனக்கும் புரிந்தது. சாயங்காலம் நூலக வாசலில் வந்து நின்றார்.

"எழுதட்டுமா சார்?"

"எழுதிடுங்கக்கா. ஒரு வரிதானே. எதுக்கு வீண் வம்பு? உங்களுக்கு இன்னும் நாலு வருஷ வேலை இருக்கு" என்றேன். சொன்னது நான்தான். மழுப்பப் போவதில்லை.

"அவ வந்து உக்காந்தா சார்" என்றார். "என் ரூம்ல வந்து உக்காந்தா." திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் எழுதிக் கொடுத்ததைக் குழுத் தலைவர் சத்தமாகப் படித்தார். ஒரு வரி இல்லை. "தாளை நான் கொடுக்கவில்லை. வாயாலும் சொல்லவில்லை. முதல் நாள் பேச்சு சுவாரசியத்தில் மறந்தேன். அடுத்த இரண்டு நாளும் மறக்கவில்லை. கையெழுத்துப் பாக்கி இருக்கிறது, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் மறுநாளும் சாப்பிட வருவார் என்று வேண்டுமென்றே மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். குடையையும் பார்த்தேன். அவர் வகுப்பை விட்டு வந்தது தப்பு இல்லை. கூப்பிட்டது நான்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சாப்பிடத் துணைக்கா? இதெல்லாம் ஒரு காரணமா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "காரணம்தான் சார்" என்றேன். "அந்தக் குடையை நானும் பாத்தேன். எல்லாரும் பாத்தோம். அந்தப் பொண்ணு என் கதவைத் தாண்டித்தான் போச்சு. அதையும் பாத்தேன்." அந்த அறையில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. குறிப்பில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

புது டீச்சரின் வேலை தப்பியது. மைக் அக்காவிடமிருந்து மைக்கை எடுத்துவிட்டார்கள். மாடிப்படிக்குப் பின்னால் பழைய பதிவேடுகள் இருக்கிற அறையில் உட்காரவைத்தார்கள். வருஷவாரியாக அடுக்குகிற வேலை. மணியும் அறிவிப்பும் இப்போது இயந்திரம். யாரோ முகம் தெரியாத பெண் குரல். அதைக் கேட்டு எந்தப் பையனும் சட்டையைச் செருகுவதில்லை. ஆபத்துக்கு வேறு வாக்கியம் வைத்திருக்கிறோம். அது என்ன என்று இங்கே எழுத முடியாது, எழுதினால் அது எதற்கு? யாரையும் எங்கேயும் வரச் சொல்லாத வாக்கியம் என்று மட்டும் சொல்லலாம்.

ஏழு வாரம் கழித்துப் புது டீச்சர் திரும்பி வந்தாள். கட்டுப் பிரித்த கை மெலிந்து கிடந்தது. முதல் நாள் மதியம் மைக் அறையில் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா எங்க சார்?" புது வாக்கியத்தின் தாளில் அக்காவிடம் கையெழுத்து வாங்குகிற வேலை என்னிடம் இருந்தது. இரண்டு பேரும் போனோம்.

அவளைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றார். நான் நீட்டிய தாளை வாங்கி, வரி விடாமல் படித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இப்பவே வாங்கிக்குங்க சார்" என்றார். பிறகு அவள் கையைப் பார்த்தார். "என்னை மன்னிச்சிடும்மா."

"கோவம் இருக்குக்கா" என்றாள் அவள். "சாக்பீஸ் பிடிச்சா இன்னும் வலிக்குது. நீங்க எழுதிக் குடுத்ததைப் பெரிய டீச்சர் காட்டினாங்க. படிச்சேன். ஒண்ணுதான் புரியல. அதுக்கு ஒரு தாள் எதுக்குக்கா? சாப்பிட வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே?"

அறுநூறு பேரை ஒரே சொல்லில் நிறுத்திவைத்தவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். இயந்திரம் மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பதிவேட்டு அறையில் இரண்டாவது நாற்காலி துடைத்துப் போடப்பட்டிருந்தது. அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஏன் வருவாள்? யாராவது கூப்பிட்டால்தானே. எனக்கு எரிச்சலாக வந்தது, அக்கா மேல்தான்.

மூன்றாம் நாள் மதிய மணி அடித்ததும் அக்கா படியேறினார். நான் நூலக வாசலில் நின்று பார்த்தேன். கையில் தாள் இல்லை, பதிவேடு இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று, மைக் இல்லாத குரலில், அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத அளவுக்குத்தான் சொன்னாராம்: "சாப்பிட வாம்மா."

உள்ளே என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அந்தப் பெண் டப்பாவை இடது கையில் பிடித்திருந்தாள். என்னைத் தாண்டிப் பதிவேட்டு அறைக்குள் போனார்கள். நான் உள்ளே வந்து என் மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.